தனியர் தொகை

மீட்டர்காரர் தன் வாழ்நாளில் பொய்யாக ஓர் எண்ணை எழுதியதில்லை. கடைசியில் அதுவே அவருக்கு வினையாக வந்து முடிந்தது.

முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண் குறித்துக்கொண்டு வருகிற வேலை. ஒப்பந்த வேலைதான், ஓய்வூதியம் எல்லாம் கிடையாது. வீடு பூட்டிக் கிடந்தால் உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நிழல் பார்த்துக் காலை நீட்டிக்கொள்வது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். இவர் மட்டும் சுவரேறிக் குதிப்பார், நாயிடம் கடி வாங்குவார். இரண்டு தடவை திருடன் என்று பிடித்துக் கட்டியும் வைத்தார்கள். வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவியும் அரசு தருகிற முதியோர் பென்ஷனில் காலம் தள்ளினார்கள். அந்தப் பென்ஷனில் இரண்டு வகை உண்டு. தனியாக இருப்பவருக்குத் தனியர் தொகை, தம்பதிக்கு இருவர் தொகை. இருவர் தொகை என்றால் தனியர் தொகையைப் போல் இரண்டு மடங்கு என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு அரசாங்க மூளை இல்லை என்று அர்த்தம். சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு ஒரு கூரை, ஓர் அடுப்பு, ஒரு விளக்கு போதுமல்லவா? அதனால் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. நாற்பத்தாறு வருடம் அவர்கள் ஒரே விளக்கில்தான் இருந்தார்கள்.

பிறகு மனைவிக்கு மறதி வந்தது. முதலில் சாவி மறந்தது, அப்புறம் வீட்டுக்கு வரும் வழி மறந்தது. மூன்று வருடம் அவரே பார்த்துக்கொண்டார். ஒருநாள் அவள் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து போய்ப் படுத்துவிட்டாள். அண்டை வீட்டார் கதவை உடைத்துக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு டாக்டரே சொல்லிவிட்டார், இனி இந்த அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று.

இருபது நிமிட நடையில் ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. முப்பது கட்டில், வெளிச்சமான சாப்பாட்டு அறை, கொஞ்சம் வாய் நீளமானாலும் நல்ல மனசுள்ள மேட்ரன். மனைவியை அங்கே சேர்த்த நாளிலிருந்து இருவர் தொகையில் அவளுடைய பாதி நேராக இல்லத்துக்குப் போனது. இவர் கைக்கு வந்தது மிச்சப் பாதி. சேர்ந்து வாழ்வதற்காகக் குறைத்துப் போட்ட தொகையில் பாதியை வைத்துக்கொண்டு தனியாக வாழ வேண்டும். வீட்டுக்காரர் பாதிக் கூரைக்கு வாடகை வாங்குவாரா? விளக்கைப் பாதியாக எரிக்க முடியுமா? ஒருவர் இருக்கிற வீட்டிலும் இருவர் இருக்கிற வீட்டிலும் மீட்டர் சக்கரம் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் சுற்றும் என்பது ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஆனால் மனைவியின் பாதி அந்த இல்லத்துக் கட்டணத்துக்குப் போதவில்லை. மிச்சத்தை இவர் சேமிப்பிலிருந்து கட்டி வந்தார். சேமிப்பு என்ன அமுதசுரபியா? இந்த வருடத் தொடக்கத்தில் அதுவும் துடைத்துப் போட்டதுபோல் ஆயிற்று.

"மாசக் கடைசி வரைக்கும் நான் இழுத்துப் பிடிச்சுப் பாக்கறேன் சார்," என்றாள் மேட்ரன். "அதுக்கு மேல என் கையில இல்ல. பெரிய இல்லத்துல இலவசக் கட்டில் இருக்கு. அங்க அனுப்பிடுவாங்க."

பெரிய இல்லம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் பார்க்க விடுவார்கள். இங்கேயோ அவர் தினமும் பகல் பன்னிரண்டுக்குப் போவார். போயே ஆக வேண்டும். ஏனென்றால் அவள் அவர் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். ஆயா ஸ்பூனை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். இவர் உட்கார்ந்ததும், "வந்துட்டீங்களா? இவங்க யாருன்னே தெரியலைங்க, என் வாயில எதையோ திணிக்கறாங்க," என்று புகார் சொல்லிவிட்டு சமர்த்தாக வாயைத் திறப்பாள். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட்டு யாராவது உயிரோடு இருக்க முடியுமா?

தனியர் தொகை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும். நோயால் பிரிந்து வாழும் தம்பதி விண்ணப்பித்தால் தலைக்கு ஒரு தனியர் தொகை கொடுப்பதற்கு விதி இருக்கிறது என்று மைத்துனர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி. மளிகைச் சாமான் வேன் ஓட்டுகிறவர், ஊரில் எந்த ஆபீஸில் எந்த ஜன்னல் என்பதெல்லாம் அத்துபடி. அவரே விண்ணப்பத்தையும் வாங்கி வந்து கொடுத்தார். அவரே உட்கார்ந்து நிரப்பியும் கொடுத்திருக்கலாம். விதி, அன்றைக்கு அவருக்கு லோடு இருந்தது.

விண்ணப்பத்தில் ஒன்பதாவது கட்டம்: கடந்த ஓராண்டில் துணைவர் உங்கள் இல்லத்தில் தங்கிய இரவுகள் எத்தனை?

மீட்டர்காரர் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். அவ்வப்போது சனிக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்து வந்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவது உண்டு. அப்படிப் பத்து. இன்னொன்று, இல்லத்தில் கரப்பான்பூச்சிக்கு மருந்தடித்த நாள். "ஒரே ஒரு ராத்திரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும்," என்று மேட்ரனே கெஞ்சி அனுப்பியது. ஆக மொத்தம் பதினொன்று. அழகான கையெழுத்தில் பதினொன்று என்று எழுதினார், பக்கத்தில் எழுத்தாலும் எழுதினார், கொண்டுபோய்க் கொடுத்தார்.

விதி என்னவென்றால் பத்து வரைக்கும்தான். பத்தைத் தாண்டினால் அவர்கள் சேர்ந்து வாழும் தம்பதி.

"பதினொண்ணா!" மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். "பத்துன்னு போட்டா கை அழுகிடுமா அத்தான்? யாரு வந்து உங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில எட்டிப் பாக்கப் போறா?"

"தங்கினது பதினொண்ணு தானேய்யா."

"மீட்டரா அது? என் அக்காய்யா!"

மீட்டர்காரர் ஆபீஸுக்கு ஓடினார். ஏழாம் நம்பர் ஜன்னலில் இருந்தவள் முப்பது வயதுப் பெண். கடுகடு என்று இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவளோ அவர் சொன்னதையெல்லாம் முழுசாகக் கேட்டாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்த பதினோராவது ராத்திரி அவங்களே கூட்டிட்டுப் போகச் சொன்னதும்மா. மருந்தடிச்சாங்க."

"புரியுது சார். ஆனா காரணம் எழுத அந்தக் கட்டத்துல இடம் இல்லையே. எண்ணு மட்டும்தான் ஏறும்."

"அப்ப அதைப் பத்துன்னு மாத்திக்கலாமா?" இதைக் கேட்டு முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு சார். இப்ப மாத்தினா பொய்த் தகவல்னு உள்ளதும் நின்னு போயிடும். மேல்முறையீடு பண்ணுங்க. ஏழு மாசம் ஆகும்."

"மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கும்மா."

பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து வேறொரு தாளை எடுத்து ஜன்னல் வழியாகத் தள்ளினாள்.

"இது ஒண்ணு இருக்கு சார். ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். ஆனா..." என்று இழுத்தாள். "இது வெறும் பேப்பர்தான். மனசுல வச்சுக்காதீங்க."

தாளின் தலைப்பு: இல்லற வாழ்வு முடிவுற்றமைக்கான இருதரப்பு உறுதிமொழி.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அதை நான்கு தடவை படித்தார். இதில் கையெழுத்துப் போட்டால் இரண்டு பேரும் தனித்தனி ஆட்கள். தனித்தனியாகத் தனியர் தொகை வரும், கட்டில் நிலைக்கும், தினமும் பன்னிரண்டு மணிக்குப் போய் ஊட்டலாம். ஆனால் இனி ஒரு ராத்திரிகூட அவளை வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது. அது போகட்டும், அவள் பிழைத்துக் கிடந்தால் போதும். இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்திய மனிதரை நடுத்தெருவில் உட்கார்ந்து இப்படிக் கணக்குப் போட வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் மைத்துனர் மைப்பெட்டியோடு வந்தார். மறதி நோயாளிகளுக்குப் பெருவிரல் ரேகை போதும், மேட்ரன் முன்னால் வைத்தால் செல்லும் என்று விசாரித்து வைத்திருந்தார். சாட்சி அவரே.

"கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அத்தான். அக்காவுக்குத் தெரியவே தெரியாது. துடைச்சு விட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்."

நல்ல யோசனைதான். மீட்டர்காரரும் சரி என்றுதான் வந்தார். ஆனால் அவள் இல்லத்துச் சாப்பாட்டு அறை ஜன்னலோரம் தலைவாரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மைப்பெட்டியைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. படிக்கத் தெரியாதவளின் விரலைப் பிடிப்பதுபோல் அவள் விரலைப் பிடிப்பதா? அவள் யார்? இருபத்தெட்டு வருடம் பதிவு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். தினக்கூலிதான், ஆனால் சார்பதிவாளரே அவள் பார்க்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டார். இரண்டு தரப்பையும் எதிரில் உட்கார வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் உரக்கப் படித்துக் காட்டி, சம்மதம் கேட்டு வாங்குவது அவள் பொறுப்பு.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா," என்று தாளையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்தார். செய்திருக்கக் கூடாது. மைத்துனர் பின்னாலிருந்து பல்லை நறநறத்தார்.

தாளைக் கையில் வாங்கியதும் அவள் முகமே மாறிவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். இரண்டு வருடமாக அந்தச் சாப்பாட்டுப் புகாரைத் தவிர வேறெதையும் கோர்வையாகப் பேசாதவள் கணீரென்று படிக்க ஆரம்பித்தாள்.

"கீழே கையொப்பமிடும் நாங்கள் இருவரும், கணவன் மனைவியாக இனிச் சேர்ந்து வாழப்போவதில்லை என்றும், எங்கள் இல்லற வாழ்வு முடிவுற்றது என்றும், எவருடைய வற்புறுத்தலுமின்றி முழுமனதுடன் உறுதியளிக்கிறோம்."

சாப்பாட்டு அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆயா கையில் தண்ணீர்க் கூஜாவோடு அப்படியே நின்றாள். மனைவி தாளைத் தாழ்த்தி, கண்ணாடிக்கு மேலாக மீட்டர்காரரைப் பார்த்தாள். பத்திரம் பதிய வந்த யாரோ ஒரு கட்சிக்காரரைப் பார்க்கிற பார்வை.

"படிச்சது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார்.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

என்ன சொல்வார்? ஏழாம் ஜன்னலையும் ஒன்பதாவது கட்டத்தையும் கரப்பான்பூச்சி மருந்தையும் எந்த வாயால் சொல்வார்?

"இல்லை."

"சம்மதமா?"

மேட்ரன் தரையைப் பார்த்தாள். மைத்துனர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சம்மதம்," என்றார் மீட்டர்காரர்.

"நல்லது," என்று அவள் பேனாவைத் திறந்தாள். கையொப்பமிட வேண்டிய இடத்தைத் தேடி விரலை ஓட்டிக்கொண்டு வந்தவள் அங்கே எழுதியிருந்த பெயரைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் பக்கத்திலிருந்த அவர் பெயரைப் படித்தாள்.

"என் பேருங்க இது," என்றாள் மெதுவாக. "நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இது பென்ஷனுக்காக. சும்மா ஒரு பேப்பர்."

"நீங்க சம்மதம்னு சொன்னீங்களே."

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். சுழிகள் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்த, ஒரு நடுக்கமும் இல்லாத கையெழுத்து. தேதியும் போட்டாள். சரியான தேதி.

தனியர் தொகை வந்தது. சொன்னபடி இரண்டே வாரத்தில், ஒரு நாள் பிசகாமல். மேட்ரன் கட்டிலை உறுதி செய்தாள். மைத்துனர், "பாத்தீங்களா அத்தான், எல்லாம் சுபம்," என்று முதுகில் தட்டினார்.

மருந்து சாப்பிட்டதை மறப்பாள், குளித்ததை மறப்பாள், தன் தம்பியையே யார் என்று கேட்பாள். அந்தப் பகலை மட்டும் அவள் மறக்கவில்லை. எப்படி ஒட்டிக்கொண்டது, எங்கே ஒட்டிக்கொண்டது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. "சில விஷயம் அப்படித்தான் சார்," என்றார். படித்த மனிதர், அவரால் முடிந்த பதில் அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டதற்கு மறுநாள் பன்னிரண்டு மணிக்கு இவர் போய் ஸ்பூனை எடுத்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாங்க சார். அது சரியில்ல. பாக்கறவங்க தப்பாப் பேசுவாங்க."

சார். நாற்பத்தாறு வருடத்தில் அவரை அவள் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. நான்காம் நாள் பசி தாங்காமல் ஆயா நீட்டிய ஸ்பூனுக்கு வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து ஆயா கையால்தான் சாப்பிடுகிறாள். நன்றாகவே சாப்பிடுகிறாள். அதற்கு அவர் சந்தோஷப்படத்தான் வேண்டும். பட முயன்றும் பார்த்தார், முடியவில்லை.

ஒரு மாதம் இப்படிப் போனது. பேப்பர் பிரித்தது என்றால் பேப்பர்தானே சேர்த்தும் வைக்க வேண்டும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. நேராக ஏழாம் ஜன்னலுக்குப் போனார்.

"சேர்ந்துட்டோம்னு எழுதிக் குடுக்க ஒரு பேப்பர் இருக்குமில்லம்மா?"

ஜன்னல் பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "இருக்கு சார். ஆனா அதைக் குடுத்தீங்கன்னா மறுபடி இருவர் தொகைதான். கட்டில் போயிடும்."

"குடுக்க மாட்டேன். அவகிட்ட காட்டணும், அவ்வளவுதான். காட்டிட்டுக் கிழிச்சிடறேன்."

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து மடித்துக் கொடுத்தாள். பதிவேட்டில் எழுதவில்லை. "என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தப் பிரிவுப் பேப்பரை நானே இந்த ஜன்னல்லதான் போட்டுக் குடுத்தேன் சார்," என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலையிலேயே அதை நிரப்பினார். இரண்டு பெயரும் தெளிவாக எழுதி, தன் கையெழுத்தையும் போட்டு, பன்னிரண்டு மணிக்கு அவள் எதிரில் வைத்தார். சாப்பாடு இன்னும் வரவில்லை.

"ஒரு பத்திரம் வந்திருக்கு. நீதான் பாத்துச் சொல்லணும்," என்றார்.

அந்தப் பேச்சுக்கு அவள் உடனே கண்ணாடியை ஏற்றினாள். அவர் உயிர் மொத்தமும் அந்தத் தாளில் இருந்தது.

"கீழே கையொப்பமிடும் நாங்கள் இருவரும், எங்களுக்குள் இருந்த பிரிவு நீங்கி, இன்று முதல் ஒரே கூரையின் கீழ்க் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்து வருகிறோம் என்று உறுதியளிக்கிறோம்."

படித்துவிட்டு நிறுத்தினாள். பெயர்களைப் பார்த்தாள். இந்தத் தடவை தடுமாறவில்லை.

"ஒரே கூரையா சார்?"

"ஆமா," என்றார் மீட்டர்காரர். "ஒரே கூரைதான்."

அவள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். சுவரிலிருந்து சுவர் வரைக்கும் நிதானமாகக் கூரையைப் பார்த்தாள்.

"இந்தக் கூரைக்குக் கீழ நாங்க முப்பது பேர் இருக்கோம். உங்களை ஒரு ராத்திரிகூட நான் இங்க பாத்ததில்லையே."

"நம்ம வீட்டுக் கூரைம்மா."

"அங்க நான் இல்லையே."

எத்தனையோ பொய்யான வாக்குமூலங்களைப் பார்த்துப் பழகியவள் மாதிரி, கோபமே இல்லாமல், தாளை நான்காக மடித்து அவர் பக்கம் தள்ளினாள். பேனாவையும் மூடி மேலே வைத்தாள்.

"இதுல நான் போட மாட்டேன் சார். நீங்களும் இதை எங்கயும் குடுத்துடாதீங்க. வயசான காலத்துல வம்புல மாட்டிக்குவீங்க." கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா? துணைக்குக் கூட்டிட்டு வரக் கூடாதா?"

"யாரும் இல்லம்மா."

"அடப் பாவமே," என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். அது முகத்தில் தெரிந்தது.

ஆயா தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திக் கொடுத்தார்.